பாக்கியம் அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த எலும்பு

நம் வைத்தியத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான். "நோயாளியின் எலும்பு எப்படி இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்தே சொல்ல முடியுமா அக்கா?" முடியும். நானே சொல்லியிருக்கிறேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு, கிளினிக் முத்திரையும் குத்தி. அப்படி எழுதிக்கொடுத்து நான் அசடு வழிந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டுத் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரித்து முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன.

பாடத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உடம்பில் ஏழு தாதுக்கள். ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு தரமாக இருக்கிறது என்று பார்ப்பது சாரப் பரிசோதனை. உத்தமம், மத்திமம், அதமம் என்று மூன்று படி. எலும்புத் தாது உத்தமமாக இருப்பவருக்குக் குதிகால், கணுக்கால், முட்டி, முழங்கை, காறையெலும்பு, தாடை, விரல் கணுக்கள் எல்லாம் எடுப்பாகத் தெரியும். பல்லும் நகமும் பெரிதாக, கெட்டியாக இருக்கும். ஆள் சுறுசுறுப்பு. வேலைக்கு அஞ்சமாட்டார், கஷ்டத்தைத் தாங்குவார். இந்தப் பட்டியலை நீங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். நானும் அப்படித்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வம்பே அதில்தான் வந்தது.

செங் என்ற ஊரில் என் கிளினிக் ஒரு கடை வரிசையில், சைக்கிள் கடைக்கும் முடி திருத்தும் கடைக்கும் நடுவில் இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, பாக்கியம் அக்கா உள்ளே வந்தார். வந்தார் என்பதைவிடப் புகுந்தார் என்று சொல்லலாம். அறுபத்திரண்டு வயது. டுரியான் துங்காலில் வீடு. பக்கத்துப் பல்கலைக்கழகக் கேண்டீனில் சமையல். அதற்கு முன் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கையில் ஒரு டின் முறுக்கு.

"வைத்தியரம்மா, நடு முதுகுல ஒரு பிடிப்பு. சோத்துப் பானையைத் தூக்குறப்ப வந்துச்சு. எண்ணெய் போட்டு நீவி விட்டீங்கன்னா போதும்லா. வேற ஒண்ணும் வேணாம்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும். அத விடுங்க. இன்னும் மூணு வாரத்துல கயிறு இழுக்கணும். அதுக்குள்ள சரியாகணும்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். சுற்றுவட்டாரத் தமிழ்ப் பெண்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டுரியான் துங்கால் தமிழ்ப்பள்ளித் திடலில் கூடி விளையாடுவார்களாம். கரண்டியில் எலுமிச்சம்பழம், சாக்கு ஓட்டம் எல்லாம் உண்டு. ஆனால் மானப் பிரச்சனை கயிறு இழுப்பதுதான். எட்டுப் பேர் கொண்ட அணி. கடைசி ஆள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, முழு அணியையும் தாங்க வேண்டும். அந்தக் கடைசி இடம் எப்போதும் பாக்கியம் அக்காவுடையது. முந்தைய இரண்டு வருஷமும் பக்கத்து ஊரான சுங்கை ஊடாங்கின் அணி ஜெயித்துவிட்டது. அங்கே எல்லாம் முப்பது வயதுப் பெண்கள். எண்ணெய் ஆலைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள்.

"மூணாவது வருஷமும் தோத்தேன்னா நான் பாசார் பக்கம் தலை காட்ட முடியாது" என்றார் அக்கா.

நான் பரிசோதித்தேன். குதிகால் எடுப்பு, முட்டி எடுப்பு. முழங்கை கதவுக் கொண்டி மாதிரி. காறையெலும்பு தள்ளி நிற்கிறது. தாடை அகலம். விரல் கணுக்கள் தடித்திருந்தன. நகத்தில் மருதாணி, ஆனால் கெட்டியான நகம். இதற்கிடையில் என் சிகிச்சை அறையில் எண்ணெய்க் கட்டில் வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. தேக்கு மரக் கட்டில். "ஏன் இப்படிக் குறுக்கப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஒரு தள்ளுத் தள்ளினார். கட்டில் சுவரோரம் போய் நின்றது. பிறகு சிரித்தார். வெள்ளை வெளேரென்று இரண்டு வரிசைப் பல்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் படித்த அஸ்தி சாரம், அதாவது எலும்புச் சாரம், புடவை கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறது! நோயாளி அட்டையில் எழுதினேன், 'அஸ்தி சாரம்: உத்தமம்'. அதற்குக் கீழே உடல் அளவுக்கென்று ஒரு வரி உண்டு. உயரம் எவ்வளவு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் அகலம் எவ்வளவு. அதை நிரப்பவில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அதோடு, கண்ணுக்கு நேரே தெரிவதை எதற்கு அளக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த வரி காலியாகவே இருந்தது.

"அது என்னா எழுதுறீங்க?" என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"உங்க எலும்பு முதல் தரம்னு எழுதுறேன் அக்கா."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. என் மக மாலதி கயிறு இழுக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வைத்தியரம்மா எழுத்துல குடுத்தா வாய மூடிக்குவா."

கொடுத்தேன். கிளினிக் பெயர் அச்சடித்த தாளில், 'பரிசோதித்ததில் எலும்பின் தரம் உத்தமம். கயிறு இழுக்கலாம்' என்று எழுதி முத்திரையும் குத்தினேன். அன்று மாலைக்குள் அது டுரியான் துங்காலில் எல்லோருடைய கைப்பேசியிலும் இருந்தது. அடுத்த நாளே மூன்று பெண்கள் வந்து, "எங்களுக்கும் எலும்பு பாத்து எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் அக்காவுக்கு எண்ணெய் தேய்ப்பும் ஆவியும். செய்தது ஃபிலோமினா. என்னோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். எண்ணெய் தேய்ப்பதில் அவள் கைக்கு இணையான கையை நான் பார்த்ததில்லை. வாய்தான் கொஞ்சம் சிக்கனம்.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை. நானும் ஃபிலோமினாவும் கிளினிக் பின்கட்டில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தோம். தோசை, தேங்காய்ச் சட்னி. அவள் திடீரென்று தனக்குள் சிரித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பாக்கியம் அக்கா நேத்து ஆவிப் பெட்டிக்குள்ள உக்காரும்போது ஒரு கெலாஸ் தண்ணி கேட்டாங்க. குடிக்கத்தான் கேக்குறாங்கன்னு குடுத்தேன். பல்லக் கழட்டி அதுக்குள்ள போட்டு எங்கிட்ட நீட்டுறாங்க. சூட்டுல இளகிடுமாம்."

என் கையில் இருந்த தோசை அப்படியே நின்றது. "எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லுந்தான்."

"மேலயா, கீழயா?"

"ரெண்டும்லா."

நான் எழுதிக்கொடுத்த உத்தமத்தில் பாதி அந்தக் கிளாஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. பல் தானாக ஆடி விழுவது எலும்புத் தாது குறைவதற்கு அடையாளம் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நானோ பல் மருத்துவர் கட்டிக்கொடுத்த பல்லுக்கு முதல் தரம் போட்டிருக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. சிரிப்பில் தெரிந்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

"உடம்பு எப்படி இருக்கு? தேய்க்கும்போது?"

ஃபிலோமினா யோசித்தாள். "சட்டைக்குள்ள தெரியல. ஆனா தசையே இல்லக்கா. தோலுக்கு அடியில நேரா எலும்புதான். முதுகெலும்ப ஒவ்வொண்ணா எண்ணலாம். நடுவுல ஒரு எடத்துல லேசா தொட்டாலே துள்ளுறாங்க."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் உத்தமம்னு எழுதிட்டீங்களே. சீல் வேற போட்டுட்டீங்க. அதுக்கு மேல நான் என்னாத்தச் சொல்றது?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எலும்பு எடுப்பாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் உண்டு. எலும்பு திடமாக இருந்தாலும் தெரியும், மேலே இருந்த சதை கரைந்துபோனாலும் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கை வைத்துப் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கை ஃபிலோமினாவுடையது. நான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதி அவள் வாயை அடைத்துவிட்டேன். பல் விஷயத்தைவிட எனக்கு அதிகமாக வலித்தது இதுதான். உங்களோடு வேலை செய்பவர்கள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒரே கூச்சல், பயிற்சியில் இருந்தார். "அக்கா, நாளைக்கு ஒரு நடை கிளினிக்குக்கு வாங்க, இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன்.

"இப்ப ஏதுலா நேரம்? ஞாயித்துக்கிழமை முடியட்டும், கோப்பையோட வரேன்!" போன் துண்டிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. செய்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். 'உங்கள் எலும்பு உத்தமம் இல்லை' என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்தது. பல் சொத்தையால் போயிருக்கலாம். முதுகு வலி வெறும் பிடிப்பாக இருக்கலாம். இத்தனை நாள் பானை தூக்கியவருக்குக் கயிறு இழுத்தால் என்ன ஆகிவிடும்? உண்மையில் நான் பயந்தது அவருடைய முதுகுக்காக மட்டும் இல்லை. ஊர் முழுக்கச் சுற்றிய அந்தத் தாளில் என் பெயர் இருந்தது. அதைத் திரும்ப வாங்குவது என் மூக்கை நானே அறுத்துக்கொள்வது மாதிரி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

சனிக்கிழமை மாலை ஃபிலோமினாவே வந்து கேட்டாள். "நாளைக்குப் போறோம்தானே? நான் இன்னிக்கே மாதா கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டேன், காலையில பூசைக்குப் போக வேண்டியதில்ல." போகலாமா என்று கேட்கவே இல்லை. அதனால் எனக்கு இல்லை என்று சொல்ல வழியும் இல்லை.

ஞாயிறு காலை திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம், ஒலிபெருக்கி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். பாக்கியம் அக்கா மஞ்சள் டி-சட்டையும் டிராக் சூட்டும் போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு போர்க்களத்துக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் கை தட்டினார். "பாத்தீங்களாடி, எனக்காக வைத்தியரம்மாவே வந்திருக்காங்க!"

கயிறு இழுப்பதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லலாம் என்றால், அவர் அணியின் ஏழு பெண்களும் சுற்றிவிட்டார்கள். சுங்கை ஊடாங் பெண்களிலும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"அக்கா, கிளினிக்ல ஒரு அளவு எடுக்காம விட்டுட்டேன். இப்ப எடுத்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"இப்பவா? என்னா அளவு? சட்டை தைக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பையில் அளவுநாடாவைத் தேடினேன். காணோம். கிளினிக் மேசையில் கிடந்திருக்கும். நல்ல வேளையாகத் திடலில் கோடு பிடிப்பதற்காக ஒரு பந்து சணல் கயிறு கிடந்தது. ஃபிலோமினா அதை எடுத்து வந்தாள்.

நாம் படித்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? திடமான உடம்பில் இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சும்மா சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. முதலில் ஃபிலோமினாவைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் முதுகு சாய்த்துக் கையை விரிக்கச் சொன்னேன். விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை கயிற்றை நீட்டி வெட்டினேன். பிறகு அதே கயிற்றைக் குதிகாலிலிருந்து தலைக்குப் பிடித்தேன். உச்சந்தலையில் சரியாகப் போய் நின்றது. "அட!" என்றார்கள். அடுத்து என்னை அளந்தார்கள். எனக்கும் சரியாக இருந்தது. "அகலத்தை வயித்துப் பக்கம் அளக்கல, பொழச்சீங்க" என்றாள் ஒருத்தி. பிறகு ஆளாளுக்கு, "எனக்கு, எனக்கு" என்று வரிசை கட்டிவிட்டார்கள். சிலருக்கு ஒரு விரல் கூடக் குறைய இருந்தது. அவ்வளவுதான்.

"தள்ளுங்கடி" என்று பாக்கியம் அக்கா வந்து சுவரில் நின்று கையை விரித்தார். கயிற்றை வெட்டினேன். குதிகாலில் ஒரு நுனியை ஃபிலோமினா பிடித்துக்கொண்டாள். நான் மறு நுனியை மேலே கொண்டுபோனேன். தலையில் கட்டியிருந்த துணியைத் தாண்டி, கயிறு இன்னும் மேலே போனது. அவருடைய விரலாலேயே அளந்து பார்த்தேன். ஐந்து விரல் அகலம்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னா அர்த்தம்?" என்றார் அக்கா. "எனக்குக் கை வளந்துடுச்சா?"

"கை வளராது அக்கா. உசரம் எறங்கியிருக்கு. முதுகெலும்பு அமுங்குனா அப்படி ஆகும். நடு முதுகுல வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல, எனக்கு அந்த எடத்துல சந்தேகமா இருக்கு. இன்னிக்கு நீங்க கயிறு இழுக்கக் கூடாது."

அவர் கயிற்றில் மிஞ்சிய நீளத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வருஷமா மொளகாத்தூள் டப்பா எட்டல. மருமகன்தான் அலமாரிய ஒசத்தி மாட்டிட்டான்னு தினமும் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? முதல் தரம்னு? சீல் போட்டு! இப்ப இத்தன பேரு முன்னாடி வந்து கூடாதுங்கறீங்க!"

சுங்கை ஊடாங் பெண்களில் ஒருத்தி கைப்பேசியில் அந்தத் தாளின் படத்தை எடுத்துக் காட்டவே செய்தாள். "இதானே வைத்தியரம்மா?"

"அதேதான்" என்றேன். "தப்பா எழுதிட்டேன் அக்கா. அவசரத்துல, சரியாப் பாக்காம எழுதுனேன். தப்பு என்னோடதுதான்."

"எதைப் பாக்கல? எல்லாத்தையும்தான பாத்தீங்க? முட்டியப் பாத்தீங்க, மொழங்கையப் பாத்தீங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பட்டென்று நிறுத்தினார். கை தானாக வாய்ப் பக்கம் போனது. என்னைப் பார்த்தார், பிறகு ஃபிலோமினாவைப் பார்த்தார். ஃபிலோமினா கயிற்றைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

அந்த அணியில் யாருக்கும் பல் விஷயம் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நினைத்திருந்தால், "உங்க பல்லு கட்டுப் பல்லுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கேட்பது என் வேலை.

"பாக்க வேண்டியதப் பாக்கல" என்றேன். "அந்தத் தாள என்கிட்ட குடுத்துடுங்க."

அக்கா இடுப்புப் பையிலிருந்து அதை எடுத்தார். நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், பாவம். நான் வாங்கி, எல்லோர் முன்னாலும் குறுக்கே கோடு போட்டு, 'தவறு' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். முத்திரை கைவசம் இல்லை.

அப்போது ஒலிபெருக்கியில் இரண்டு அணிகளையும் அழைத்தார்கள். அக்கா அணியில் ஏழு பேர்தான். ஆள் குறைந்தால் ஆட்டம் கிடையாது. பாக்கியம் அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காலத்தில் என் எடை எண்பது கிலோவைத் தாண்டி நல்ல தூரம் போயிருந்தது.

"நீங்கதான் எழுதுனீங்க" என்றார். "அப்ப நீங்கதான் இழுக்கணும்."

"நானா! எனக்கு இதெல்லாம்..."

"எலும்பு சரியாத்தான இருக்கு? கயிறு வச்சு அளந்தோமே. வாங்கலா!"

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். புடவையை வரிந்து கட்டிவிட்டார்கள். என் இடுப்பில் கயிற்றைச் சுற்றியது பாக்கியம் அக்காதான். "குதிகால ஊனுங்க. பின்னால சாஞ்சு உக்காருற மாதிரி. கையால இழுக்காதீங்க, ஒடம்பால இழுங்க" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

முதல் ஆட்டத்தில் விசில் ஊதியது எனக்குக் கேட்பதற்குள் நாங்கள் தோற்றிருந்தோம். இரண்டாவது ஆட்டத்தில் அக்கா பக்கவாட்டில் ஓடி ஓடிக் கத்த ஆரம்பித்தார். "பிடி... பிடி... மூச்ச விடாத... இப்ப இழு!" அந்தக் குரலுக்கு எட்டுப் பேரும் ஒரே உடம்பாக அசைந்தோம். ஜெயித்துவிட்டோம்! என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே விளையாட்டு அதுதான்.

மூன்றாவது ஆட்டம் ரொம்ப நேரம் இழுபறி. யாரும் அசையவில்லை. என் குதிகால் மண்ணில் புதைந்துவிட்டது. அப்போது எனக்கு முன்னால் இருந்தவளுக்குக் கால் வழுக்கியது. அவள் என்மேல் விழுந்தாள், அவள்மேல் இன்னொருத்தி. இரண்டு பேரின் பாரத்தோடு நான் மல்லாக்கத் தரையில் அடித்து விழுந்தேன். கயிறு என்னை இடுப்போடு ஒரு உலுக்கு உலுக்கியது. மூச்சு நின்று திரும்பி வந்தது. எனக்கோ அத்தனை சதை இருந்தது. அப்படியும் முதுகு இரண்டு வாரம் விண்விண் என்று வலித்தது.

தரையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சுங்கை ஊடாங் பெண்கள் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். மறுபக்கம் பாக்கியம் அக்கா என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் விழுந்து கிடந்திருக்க வேண்டியவர் அவர். என் கையெழுத்தோடு விழுந்திருப்பார்.

"எந்திரிங்க வைத்தியரம்மா" என்று கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஃபிலோமினாவைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரமே மாலதி அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். நான் விவரமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை சந்தேகம் என்ற சொல்லை மட்டும் போட்டு. எக்ஸ்ரேயில் நடு முதுகில் ஒரு எலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தது. மற்றவையும் மெலிந்திருந்தன. கனமான எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாது என்று சொல்லி டாக்டர் மருந்து கொடுத்தார். அதோடு சேர்த்து உணவு, எண்ணெய், நடை என்று நம் பக்கத்துக் காரியங்களை அந்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டே செய்தோம். பானையைக் கேண்டீன் பையன்கள் தூக்க ஆரம்பித்தார்கள். அலமாரியை மருமகன் இரண்டு அடி இறக்கி மாட்டினார். ஒருவழியாக அவருக்கும் மன்னிப்புக் கிடைத்தது.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அஸ்தி சாரத்தின் பட்டியலில் உற்சாகம், உழைப்பு, தாங்கும் குணம் என்று வருகிறதே, அது அக்காவிடம் பொய்யாக இல்லை. அது அசல்தான். அடுத்த வருஷம் அவர் கோட்டுக்கு வெளியே நின்றே அணியை நடத்திக் கோப்பையை வாங்கிவிட்டார். அந்த உற்சாகத்தைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். உற்சாகமாக இருப்பவருக்கு வலி இருக்காது என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். நாம்தான் போய்த் தேட வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்து இரண்டு வாரம் கழித்து அக்கா கிளினிக்குக்கு வந்தார். நான் புதிய அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கதவைச் சாத்தினார். திரும்பி நின்று வாயில் கை வைத்தார். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கழற்றி, ஒரு கைக்குட்டையில் வைத்து, என் மேசைமேல் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மொதல்ல இதப் பாருங்க" என்றார். பல் இல்லாத வாயில் சொல் காற்றாக வந்தது. "ஒண்ணொண்ணா ஆடி ஆடித் தானா விழுந்துச்சு. மாலதிக்கும் உங்க ஃபிலோமினாவுக்கும்தான் தெரியும். நீங்க மூணாவது ஆளு. பாத்துட்டு அப்புறமா எழுதுங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன். "கையை விரிங்க அக்கா" என்று சொல்ல நிமிர்ந்தேன்.

அவர் அதற்குள் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, பொக்கை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்.